பொலேரோ போன வழியில்: நாட்டிங்ஹாம், ஓபர்ஸ்ட்டோர்ஃப், சரயேவோ

திங்கள், நாட்டிங்ஹாம்

இந்த ஊருக்கு வருகிறவர்கள் ராபின் ஹுட்டைத் தேடி வருகிறார்கள். நான் வந்தது ஒரு காப்பீட்டு எழுத்தரையும் ஒரு போலீஸ்காரரையும் தேடி. இங்கே படிக்கும் அண்ணன் மகளிடம் அப்படிச் சொன்னதும், "அத்தை, ஏதாவது வழக்கா?" என்று கேட்டாள்.

வழக்கு இல்லை, பனி நடனம். ஜேன் டோர்வில், கிறிஸ்டஃபர் டீன். 1984 பிப்ரவரி 14 அன்று, அப்போது யூகோஸ்லாவியாவில் இருந்த சரயேவோவின் குளிர்கால ஒலிம்பிக்கில், பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேலின் பொலேரோ இசைக்கு நான்கரை நிமிடம் ஆடி, கலை நயத்துக்காக ஒன்பது நடுவர்களிடமும் அன்றைய முழு மதிப்பெண்ணான 6.0 வாங்கியவர்கள். அந்தக் காணொளியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். பிரிட்டனில் மட்டும் அன்றிரவு ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள் என்பது பழைய கணக்கு. என்னை இழுத்தது அந்த இரவு அல்ல. அந்த இரவுக்கு முந்தைய ஆண்டுகளில் இவர்கள் எங்கே பயிற்சி செய்தார்கள், யார் காசில் சாப்பிட்டார்கள் என்ற கேள்விதான்.

டோர்வில் 1957இல் பிறந்தவர். ஊரின் தெற்கே கிளிஃப்டன் பகுதியில் வளர்ந்தார். பெற்றோர் செய்தித்தாள் கடை வைத்திருந்தார்கள். எட்டு வயதில் பள்ளியிலிருந்து கூட்டிப்போனபோது முதல்முறை பனியில் கால் வைத்தார். டீன் அவரைவிட ஒரு வயது இளையவர். கால்வர்ட்டன் என்ற சுரங்கக் கிராமத்துப் பையன். பத்து வயதில் கிறிஸ்துமஸ் பரிசாக ஸ்கேட்டிங் காலணி கிடைத்தது. இருவருக்கும் முதலில் வேறு வேறு இணை இருந்தது. 1975இல் ஜேனட் சாப்ரிட்ஜ் என்ற பயிற்சியாளர் இவர்களைச் சேர்த்து நிறுத்திப் பார்த்தார். அவ்வளவுதான் தொடக்கம். ஜாதகப் பொருத்தம் பார்த்ததுபோல் எழுதுகிறவர்கள் உண்டு. உண்மையில் இருவருக்கும் அப்போது ஆள் தேவைப்பட்டது.

மாலையில் பழைய சந்தைச் சதுக்கத்துக்குப் போனோம். மாநகராட்சி மாளிகையின் வாசலில் இரண்டு கல் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன. இடப்பக்கச் சிங்கத்தின் அடியில்தான் ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் சந்தித்துக்கொள்வார்களாம். நாங்கள் போனபோதும் நான்கைந்து பேர் கைபேசியைப் பார்த்தபடி யாருக்காகவோ காத்திருந்தார்கள். என் பார்வை சிங்கத்தின் மேல் இல்லை, பின்னால் இருந்த கட்டடத்தின் மேல்.

1980இல் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் இருவரும் ஐந்தாவதாக வந்தார்கள். பெண்ணுக்குக் காலையில் அலுவலகம். ஆணுக்கு எந்த ஷிஃப்ட் என்று வாரத்துக்கு வாரம் மாறும். பொதுமக்கள் வீட்டுக்குப் போன பிறகு கிடைக்கும் பனியில் பயிற்சி. ஐந்தாம் இடம் வரைக்கும்தான் இப்படி வர முடியும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. இருவரும் வேலையை விட்டார்கள். அப்போது இந்த மாநகராட்சி அவர்களுக்கு நிதி கொடுத்தது: 1984 ஒலிம்பிக் வரைக்குமாக மொத்தம் 42,000 பவுண்டு. அந்தச் சில ஆண்டுகளில்தான் பிரிட்டனில் வேலை இல்லாதவர்களின் எண்ணிக்கை முப்பது லட்சத்தைத் தாண்டியது. வரிப்பணத்தை எடுத்து இரண்டு பேரை நடனமாட விடுவதா என்று கேட்க யாருக்கும் உரிமை இருந்திருக்கும். நான் உறுப்பினராக இருந்தால் கையைத் தூக்கியிருப்பேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. தூக்கியவர்களுக்கு ஒரு கும்பிடு.

"நம்ம ஊர் கார்ப்பரேஷன் கொடுக்குமா?" என்றாள் அண்ணன் மகள். பதில் தெரிந்துதான் கேட்கிறாள்.

செவ்வாய், நாட்டிங்ஹாம்

காலையில் வொல்லட்டன் பக்கம் ஒரு சுற்று. டோர்வில் டிரைவ், டீன் குளோஸ், பொலேரோ குளோஸ் என்று தெருக்களுக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். செங்கல் வீடுகள், குப்பைத் தொட்டிகள், நிறுத்திவைத்த கார்கள். பெயர்ப் பலகையைப் படம் எடுத்தேன். ஒரு பூனை சந்தேகமாகப் பார்த்தது. பார்க்க வேறொன்றும் இல்லை.

பிறகு டிராமில் லேஸ் மார்க்கெட் நிறுத்தம். அங்கிருந்து சில நிமிட நடையில் தேசியப் பனி மையம். அவர்கள் பழகிய பழைய ஐஸ் ஸ்டேடியம் 1939இல் திறந்தது. அதை இடித்துவிட்டு அதே இடத்தில் 2000இல் இதைத் திறந்தார்கள். வாசல் முற்றத்துக்குப் பெயர் பொலேரோ சதுக்கம். ஆக, பழைய சுவரைத் தொட்டுப் பார்க்கலாம் என்று வந்தால் தொட ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளே பனி இருக்கிறது, அது போதும்.

பொதுமக்கள் நேரம். அண்ணன் மகள் வாடகைக் காலணியை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். நான் தடுப்பை ஒட்டித் தேநீரோடு நின்றேன். குளிர் கீழிருந்து வரும் இடம் இது. முகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை, கணுக்கால் விறைத்துவிடுகிறது.

கூட்டம் கலைந்ததும் ஒரு சிறுமியும் சிறுவனும் வந்தார்கள். பதினான்கு வயதுக்குள் இருக்கும். பயிற்சியாளர் அம்மா தடுப்புப் பலகையில் விரல் முட்டியால் தட்டித் தாளம் எண்ணினார். குதிப்பு இல்லை, தூக்கிப்போட்டுப் பிடிப்பது இல்லை. அதெல்லாம் இணை ஸ்கேட்டிங்கில். பனி நடனத்தில் பிழைப்பே விளிம்புதான். ஸ்கேட்டிங் பிளேடின் அடிப்பகுதி தட்டையாக இருக்காது. நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம், இரு பக்கமும் இரண்டு விளிம்பு. உடலை உட்பக்கம் சாய்த்தால் உள்விளிம்பு, வெளிப்பக்கம் சாய்த்தால் வெளிவிளிம்பு. எந்த விளிம்பில், முன்னோக்கியா பின்னோக்கியா, எப்போது மாறுவது என்பதே இந்த ஆட்டத்தின் இலக்கணம். அதையும் இரண்டு பேர் ஒரு முழ இடைவெளிக்குள் செய்ய வேண்டும். ஒருவர் காலில் ஒருவர் சிக்கக் கூடாது என்பதற்காகவே நடனக்காரர்களின் பிளேடுக்குக் குதிகால் பக்கம் நீளம் குறைத்துச் செய்கிறார்கள்.

காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் தரம் தெரிகிறது. விளிம்பு சரியாகப் பிடித்தால் பட்டுத் துணி கிழிவதுபோல் ஒரே நீளமான ஒலி. தப்பினால் கரகரவென்று சுரண்டல். சிறுவனுக்கு ஒவ்வொரு முறையும் இடப்பக்கத் திருப்பத்தில் சுரண்டியது. பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டுவதை நிறுத்துவார், அவ்வளவுதான். அவர்கள் தொடக்க இடத்துக்குத் திரும்பிப் போவார்கள். மீண்டும் தட்டல். ஒரே திருப்பம். நான் பார்த்த நேரம் முழுக்க அது சரியாகவில்லை. யாருக்கும் கோபமும் வரவில்லை.

திரும்பும்போது அண்ணன் மகள் கேட்டாள்: "டோர்வில், டீன் இருவரும் காதலர்களா, அத்தை?" இந்தக் கேள்வியைப் பத்திரிகைக்காரர்கள் அவர்களிடம் ஆயுள் முழுக்கக் கேட்டிருக்கிறார்கள். இருவரும் வேறு வேறு ஆட்களைத் திருமணம் செய்துகொண்டார்கள். தினமும் பல மணி நேரம் ஒருவர் மூச்சு இன்னொருவர் கழுத்தில் படும்படி வேலை செய்கிறவர்களுக்கு என்ன பெயர் என்று நமக்குத் தெரியவில்லை. அதனால் தெரிந்த பெயரைச் சூட்டிப் பார்க்கிறோம்.

வியாழன், ஓபர்ஸ்ட்டோர்ஃப்

மியூனிக்கிலிருந்து ரயில். இமன்ஸ்டாட்டுக்குப் பிறகு பாதை மலைக்குள் நுழைகிறது. ஓபர்ஸ்ட்டோர்ஃபில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் ஆல்ப்ஸ்தான்.

இங்கே எதற்கு என்றால், பெட்டி கல்லவே. 1978 முதல் இவர்களின் பயிற்சியாளர். 1980இல் உலகச் சாம்பியன்களான ஹங்கேரியின் ரெகோட்ஸி – சல்லாய் இணையும் அவர் மாணவர்கள்தான். கத்தாத ஆசிரியர் என்று பெயர். நடனத்தை டீன் யோசிப்பார். எது விதிக்குள் வரும், நடுவர் கண்ணுக்கு எது எப்படித் தெரியும் என்பதைக் கல்லவே பார்ப்பார். டீனின் மண்டையில் ஓடியதையெல்லாம் அப்படியே பனியில் விட்டிருந்தால் பாதிப் போட்டியில் புள்ளி குறைந்திருக்கும் என்பது என் ஊகம்.

நாட்டிங்ஹாமில் பனி கிடைப்பது பிறர் தயவில். இங்கே மூன்று பனித்தளங்கள் ஒரே கூரைக்குள். பகலில், வெளிச்சத்தில், தூக்கம் கெடாமல் பயிற்சி செய்யலாம். அந்த 42,000 பவுண்டு போன வழிகளில் இதுவும் ஒன்று. மையம் நெபெல்ஹோர்ன் மலைக்குப் போகும் கேபிள் கார் நிலையத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு பக்கம் மலையேறிகளின் வரிசை, இன்னொரு பக்கம் தோளில் காலணிப் பையோடு ஒல்லியான பிள்ளைகள். 1969 முதல் இங்கே நடக்கும் நெபெல்ஹோர்ன் கோப்பைப் போட்டிக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆட வருகிறார்கள்.

இந்த ஊரில் எனக்கு வேறு வேலை இல்லை. மழை. கேஸ்ஷ்பெட்ஸ்லே என்று பாலாடைக்கட்டி போட்ட மாவுருண்டை, மேலே பொரித்த வெங்காயம். சைவக்காரர்கள் தைரியமாகச் சாப்பிடலாம். அறைக்குத் திரும்பி விதிப்புத்தகக் கதையைக் குறித்துவைக்கிறேன், சரயேவோ போகும் முன் இது தேவை.

பொலேரோ முழுதாக வாசித்தால் கால் மணி நேரத்துக்குக் குறையாது. போட்டி நடனத்துக்கு அன்றைய உச்ச வரம்பு 4 நிமிடம் 10 வினாடி. விரிவான ராகம் தானம் பல்லவியைத் துக்கடாவாகச் சுருக்கச் சொன்னால் வித்வான் என்ன பாடுபடுவார், அந்தப் பாடு. மெல்லத் தொடங்கி ஒரே தாளத்தில் ஏறிக்கொண்டே போவதுதான் அந்த இசையின் உயிர்; ஏற்றத்தை வெட்டினால் மிஞ்சுவது வெறும் மேளம். இசையமைப்பாளர்கள் எவ்வளவு முயன்றும் 4 நிமிடம் 28 வினாடிக்குக் கீழே வரவில்லை. பதினெட்டு வினாடி அதிகம்.

விதியைத் திரும்பப் படித்தார்கள். ஆடுபவரின் பிளேடு பனியைத் தொட்டு ஆட்டம் தொடங்கும்போதுதான் கடிகாரம் ஓடும் என்று இருந்தது. சரி, பிளேடு தொடாமல் தொடங்கினால்? முழங்காலில் நின்றார்கள். இருவரும் எதிரெதிரே மண்டியிட்டு, மேலுடலை மட்டும் அசைத்து, முதல் பதினெட்டு வினாடியைக் கடத்தினார்கள். உலகமே கவிதை என்று கொண்டாடும் அந்தத் தொடக்கம் ஒரு கணக்கு வழக்கில் பிறந்தது. எனக்கு இதனால் மரியாதை கூடுகிறது. காப்பீட்டு எழுத்தரும் போலீஸ்காரரும் விதிமுறையை வரிவரியாகப் படிக்கத் தெரிந்தவர்கள்தானே.

சனி, சரயேவோ

விமானம் இறங்கும்போது பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. மலை முகடுகள் மட்டும் தெரிந்தன. 1992 ஏப்ரலிலிருந்து 1996 பிப்ரவரி வரை இந்த ஊரை முற்றுகையிட்டவர்கள் அந்த முகடுகளில்தான் பீரங்கி வைத்திருந்தார்கள். ஒரு மைதானத்தின் படிக்கட்டு மாதிரி ஊரைச் சுற்றி மலை. மேலே இருப்பவனுக்குக் கீழே எல்லாம் தெரியும்.

ஜெத்ரா அரங்கு கோஷெவோ பகுதியில், 1984 தொடக்க விழா நடந்த மைதானத்துக்கு அருகில். கோண கோணமாகக் கூரை. 2010 முதல் அதற்கு ஒலிம்பிக் குழுவின் முன்னாள் தலைவர் சமராஞ்சின் பெயர், ஆனால் டாக்ஸிக்காரருக்கு ஜெத்ரா என்றால்தான் புரிந்தது. நான் போன நாளில் பனி இல்லை. பலகைத் தரை போட்டு ஏதோ பந்தாட்டத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். காவலாளி, கையைக் காட்டிக் கேட்டதும், சிறிது நேரம் உள்ளே நிற்க விட்டார். டீவியில் பெரிதாகத் தெரிந்த இடம் நேரில் அடக்கமாக இருக்கிறது.

அன்று காலை 6 மணிக்கு இங்கே கடைசிப் பயிற்சி. முழு நடனத்தையும் ஒருமுறை ஆடி முடித்தபோது, இருக்கைகளுக்கு நடுவே பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள் என்று இருவரும் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். நடுவர்களுக்கு முன்னால் மார்க் போட்டவர்கள் அவர்கள்.

இரவில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஊதா நிற உடை. காதலர்கள் எரிமலையில் ஏறி விழுவதாகக் கற்பனை. கடைசி அடியில் இருவரும் பனியில் சாய்ந்து கிடந்தார்கள். கலை நயத்துக்கு ஒன்பது 6.0. தொழில்நுட்பத்துக்கு மூன்று 6.0, ஆறு 5.9. நத்தாலியா பெஸ்தெமியானோவா – ஆந்திரேய் பூக்கின் இணைக்கு வெள்ளி, மரீனா கிளிமோவா – செர்கேய் பொனமரென்கோ இணைக்கு வெண்கலம். இரண்டும் சோவியத் யூனியனுக்கு. 1976இல் பனி நடனம் ஒலிம்பிக்கில் சேர்ந்ததிலிருந்து தங்கம் அதுவரை அவர்களைத் தாண்டிப் போனதே இல்லை.

எல்லோரும் பன்னிரண்டு 6.0களைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அந்த ஆறு 5.9காரர்களைச் சந்திக்க ஆசை. எந்த விளிம்பில் அந்த 0.1ஐப் பிடித்தார்கள்? நாட்டிங்ஹாமில் பலகையைத் தட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். இனி யாரும் இந்தச் சாதனையை முறியடிக்கவும் முடியாது. 2002 ஒலிம்பிக்கில் இணை ஸ்கேட்டிங் நடுவர் ஊழல் வெடித்த பிறகு, அந்த 6.0 முறையையே எடுத்துவிட்டார்கள்.

அரங்கை விட்டு வெளியே வந்தால் கல்லறைகள். வெள்ளைக் கற்கள், சரிவு முழுக்க. பெரும்பாலானவற்றில் இறந்த ஆண்டு 1992, 1993, 1994. முற்றுகையின்போது ஜெத்ரா குண்டுவீச்சில் சிதைந்தது. அதன் நிலவறை பிணவறையானது. இருக்கைகளின் மரப்பலகையைப் பெயர்த்துச் சவப்பெட்டி செய்தார்கள். கைதட்டியவர்கள் உட்கார்ந்திருந்த பலகை. கற்களில் உள்ள பிறந்த ஆண்டுகளைப் படித்துக்கொண்டே நடந்தேன். 1984இல் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்திருக்கக் கூடியவர்கள் நிறையப் பேர். இதற்கு மேல் இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

அரங்கை மீண்டும் கட்டி 1999இல் திறந்தார்கள். 2014இல், முப்பதாவது ஆண்டில், இருவரும் வந்து அதே நடனத்தை இதே இடத்தில் மறுபடி ஆடினார்கள்.

ஞாயிறு, சரயேவோ

காலையில் த்ரெபெவிச் மலைக்குக் கேபிள் கார். போரில் அழிந்த பாதை 2018இல்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. மேலே 1984இன் பாப்ஸ்லெட் தடம் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகிறது. காங்கிரீட் முழுக்க வண்ணக் கிறுக்கல்கள். இளைஞர்கள் அதற்குள் நடந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் நடந்தேன். வழுக்குகிறது, நல்ல செருப்பு தேவை.

இறங்கும் வழியில் 1994 பற்றி யோசித்துக்கொண்டு வந்தேன். சரயேவோவுக்கு அடுத்த மாதமே ஒட்டாவாவில் நான்காவது உலகப் பட்டத்தை வென்றுவிட்டு, இருவரும் தொழில்முறைக்குப் போய்விட்டார்கள். அமெச்சூராக இருக்கும்வரை ஆடிச் சம்பாதிக்கக் கூடாது என்பது அந்தக் காலத்து நியதி. அதாவது உலகமே எழுந்து நின்று கைதட்டிய இருவர், அன்றுவரை மாநகராட்சி நிதியில் காலம் தள்ளியவர்கள். பிழைக்க வேண்டுமென்றால் போட்டியை விட வேண்டும். அவருக்கு இருபத்தாறு, இவருக்கு இருபத்தைந்து வயதில் விட்டார்கள். உலகம் சுற்றினார்கள், ஆடினார்கள், சம்பாதித்தார்கள்.

பத்து ஆண்டுக்குப் பிறகு விதி தளர்ந்தது. தொழில்முறை ஆட்டக்காரர்களும் வரலாம் என்றானது. முப்பது வயதைக் கடந்த இருவரும் மறுபடி பதிவு செய்துகொண்டார்கள். 1994 குளிர்கால ஒலிம்பிக்கில், நார்வேயின் ஹாமரில் வெண்கலம். ரஷ்யாவின் கிரிஷூக் – பிளாத்தோவ் இணைக்குத் தங்கம், ஊசோவா – ஜூலின் இணைக்கு வெள்ளி. கடைசி நடனத்தில் ஓர் அசைவு தடைசெய்யப்பட்ட தூக்கலா இல்லையா என்று பெரிய சண்டை. பிரிட்டிஷ் ரசிகர்கள் இன்றும் பொருமுகிறார்கள். எனக்கென்னவோ அவர்களின் வாழ்க்கையில் மிகப் பிடித்த ஆண்டு அதுதான். உச்சியிலிருந்து தானாக இறங்கிவந்து, இளையவர்களோடு வரிசையில் நின்று, மார்க்குக்குக் காத்திருக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? வராமல் இருந்திருந்தால் அந்த 6.0கள் கறையில்லாமல் இருந்திருக்கும். கறை பரவாயில்லை என்று நினைத்தவர்கள் அவர்கள்.

2024 பிப்ரவரி 14 அன்று மீண்டும் இந்த ஊருக்கு வந்து, 2025 சுற்றுப்பயணத்தோடு சேர்ந்து ஆடுவதை நிறுத்திக்கொள்கிறோம் என்று அறிவித்தார்கள்.

மாலையில் விடுதிக்கார அம்மாவிடம் இதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். பிப்ரவரி 14 என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "ஆமாம், ஆமாம், அந்த நாளை எப்படி மறப்பது? யூரே ஃப்ராங்கோ!"

எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. அதே நாள், அதே 1984. ப்யேலாஷ்னிட்சா மலையில் ஜயன்ட் ஸ்லாலம் பனிச்சறுக்குப் போட்டியில் ஸ்லோவேனிய இளைஞர் யூரே ஃப்ராங்கோ வெள்ளி வென்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம். ஊரே தெருவுக்கு வந்து, பூரெக்கைவிட (இறைச்சி வைத்துச் சுடும் இந்த ஊர்ப் பலகாரம்) எங்களுக்கு யூரெக்கைத்தான் (யூரேயின் செல்லப் பெயர்) பிடிக்கும் என்று எதுகையோடு கோஷம் போட்டதாம். இந்த ஊரில் பூரெக்கைவிட ஒன்றைப் பிடிக்கும் என்று சொல்வது சாதாரணப் பேச்சல்ல.

"இங்கிலாந்துக்காரர்களும் நன்றாகத்தான் ஆடினார்கள்," என்றார் பெருந்தன்மையோடு. பிறகு பூரெக் இறைச்சி வைத்தது, எனக்கு ஆகாது என்று தெரிந்துகொண்டு, பாலாடைக்கட்டி வைத்த சிர்னிட்சா எந்தக் கடையில் சூடாகக் கிடைக்கும் என்று தாளில் வரைபடம் போட்டுக் கொடுத்தார். எட்டு மணிக்குக் கடையை மூடிவிடுவார்களாம். கிளம்புகிறேன்.